முதலில் அச்சத்தை எடுப்போம்

“பல்லு மிஸ்ஸி வந்துட்டாங்க!”

1970களில், சுங்கை சிப்புட்டுக்கு அருகே இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் படித்துக்கொண்டிருந்தேன். இந்தக் குரல் கேட்டால் போதும், வகுப்பே கலங்கிப் போய்விடும். அரசாங்க வேன் திடலில் வந்து நிற்கும். வெள்ளைச் சீருடை அணிந்த பல் தாதியர் இருவர் மடக்கு நாற்காலியையும் பெட்டிகளையும் இறக்குவர். பள்ளியின் கடைசி அறை அன்று மட்டும் பல் மருத்துவ அறையாக மாறிவிடும். அந்த அறையிலிருந்து வரும் மருந்து வாடையே எங்கள் வயிற்றைக் கலக்கும்.

ஒருமுறை என் வகுப்புத் தோழன் பின்வாசல் வழியாக ஓடிப் பால்மரக் காட்டுக்குள் ஒளிந்துகொண்டான். மாலையில்தான் அவனைக் கண்டுபிடித்தார்கள். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவனுக்கு அடியும் விழுந்தது. ஆனால், “நீ எதற்காகப் பயந்தாய்?” என்று ஒருவரும் அவனைக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டும் அவன் ஓடினான். வளர்ந்த பிறகும் பல் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தான். நாற்பது வயதுக்குள் கடைவாய்ப் பற்களில் பாதியை இழந்தான். இன்றும் அவன் சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வான்.

அன்று அவனை வாட்டியது பல்வலி அன்று, அச்சம். அந்த அச்சத்துக்கு அப்போது மருந்து இல்லை. இன்று மெய்நிகர்க் கண்ணாடி, செயற்கை நுண்ணறிவு ஆகிய இரண்டும் அதற்கு மருந்தாகும் என்கிறார்கள். அவை உண்மையிலேயே மருந்தாகுமா? ஆகும் என்பதே என் கருத்து. ஆயினும், யாருக்கு முதலில் கொடுக்கிறோம், எதற்குப் பதிலாகக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே அந்த மருந்து வேலை செய்யும்.

அச்சம் எங்கிருந்து வருகிறது?

குழந்தை பிறக்கும்போதே பல் மருத்துவரைக் கண்டு அஞ்சுவதில்லை. அந்த அச்சத்தை நாம்தான் ஊட்டுகிறோம். “சேட்டை பண்ணினா ஊசி போடச் சொல்லிருவேன்” என்று வீட்டில் மிரட்டுகிறோம். பெரியவர்கள் தங்கள் பழைய வேதனைகளைக் குழந்தையின் காதுபடப் பேசுகிறோம். “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்பது பழமொழி. இப்படி அரண்டுபோன குழந்தைக்குச் சிறு கண்ணாடியும் கத்தியாகத் தெரிகிறது.

இரண்டாவது காரணம் காலத்தாழ்வு. பல் நன்றாக இருக்கும்போது குழந்தையை யாரும் அழைத்துச் செல்வதில்லை. வலி பொறுக்க முடியாமல் போனபின், இரவெல்லாம் அழுது களைத்த குழந்தையைக் காலையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். முதல் சந்திப்பிலேயே ஊசியும் குறடும் எதிர்ப்படுகின்றன. அந்த நாளை அக்குழந்தை எளிதில் மறக்குமா?

இது ஒரு சிலருடைய சிக்கல் அன்று. நம் நாட்டில் 2015ஆம் ஆண்டில் பாலர்பள்ளிக் குழந்தைகளிடையே நடத்தப்பட்ட தேசிய அளவிலான ஆய்வின்படி, ஐந்து வயதினரில் 71.3 விழுக்காட்டினருக்குப் பற்சொத்தை இருந்தது. அதாவது, பத்துக் குழந்தைகளில் ஏழு பேர் பள்ளிக்கூடத்தில் காலடி எடுத்து வைக்கும் முன்பே பல் மருத்துவம் தேவைப்படும் நிலையில் இருந்தனர். அஞ்சுகிற குழந்தை மருத்துவரைத் தவிர்க்கிறது. தவிர்ப்பதால் சொத்தை ஆழமாகிறது. சொத்தை ஆழமானதும் வலி மிகுந்த சிகிச்சை தேவைப்படுகிறது. அந்த வலியோ அச்சத்தை இன்னும் வளர்க்கிறது. வாயைத் திறக்கவே மறுக்கும் குழந்தைகளுக்குச் சில வேளைகளில் முழு மயக்க மருந்து கொடுத்து, அறுவை அறையில்தான் பல்லைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஒரு சிறு சொத்தைக்கு இது எவ்வளவு பெரிய விலை!

தாதியர் கொண்டுவந்த மாற்றம்

நாங்கள் கண்டு ஓடிய அந்தப் பல் தாதியரின் வரலாற்றை வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். நியூசிலாந்து 1921ஆம் ஆண்டு பள்ளிப் பிள்ளைகளுக்கெனப் பல் தாதியரைப் பயிற்றுவிக்கத் தொடங்கியது. அந்த முறையைப் பின்பற்றி, 1949ஆம் ஆண்டு பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. பல் மருத்துவர்கள் மிகக் குறைவாக இருந்த அந்தக் காலத்தில், அங்கு பயிற்சி பெற்ற தாதியர்தாம் நாடெங்கும் பள்ளி பள்ளியாகச் சென்று பிள்ளைகளின் பற்களைக் காத்தனர். மேடும் பள்ளமுமான செம்மண் சாலைகளைக் கடந்து தோட்டப் பள்ளிகளுக்கு வந்தவர்களும் அவர்களே. இன்று அவர்கள் பல் சிகிச்சையாளர் என அழைக்கப்படுகின்றனர்.

இத்திட்டத்துக்கு வழிகாட்டிய நியூசிலாந்தில் பள்ளிப் பல் மருத்துவ அறைக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் என்ன தெரியுமா? ‘கொலை வீடு’. நல்ல நோக்கமும் திறமையான கைகளும் இருந்தும், அச்சம் அங்கேயும் தீரவில்லை. பல்லைக் குணப்படுத்த அறிந்திருந்த மருத்துவம், அச்சத்தைக் குணப்படுத்தத் தாமதமாகவே கற்றுக்கொண்டது. அந்தப் பாடத்தின் புதிய அத்தியாயம்தான் மெய்நிகர்த் தொழில்நுட்பம்.

கண்ணாடிக்குள் ஓர் உலகம்

மெய்நிகர்க் கண்ணாடி என்பது கண்களை முழுவதும் மூடிக்கொள்ளும் ஒரு கருவி. அதை அணிந்ததும் எதிரே உள்ள அறை மறைந்துவிடும். கடலடியோ காடோ விண்வெளியோ நம்மைச் சூழ்ந்துகொள்ளும். தலையைத் திருப்பினால் அந்த உலகமும் நம்முடன் திரும்பும். காதொலிக் கருவி துளைப்பானின் ஓசையை மட்டுப்படுத்தும்.

இதனால் வலி எப்படிக் குறைகிறது? வலி உடம்பில் மட்டும் நிகழ்வதில்லை. 1965ஆம் ஆண்டு மெல்சாக், வால் என்னும் இரண்டு அறிஞர்கள் ஒரு கோட்பாட்டை முன்வைத்தனர். வலிச் செய்தி மூளையை அடையும் வழியில், முதுகுத்தண்டில் ஒரு கதவு போன்ற அமைப்பு இருக்கிறது. மனநிலையும் கவனமும் அந்தக் கதவைத் திறக்கவும் மூடவும் உதவுகின்றன என்றனர். பந்து விளையாடும்போது முழங்காலில் பட்ட அடி, ஆட்டம் முடிந்த பிறகே வலிப்பதை நீங்களும் உணர்ந்திருப்பீர்கள். கவனம் வேறெங்கோ இருக்கும்போது வலிக்குக் கிடைக்கும் இடம் சுருங்குகிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் ஆகியோர் இதைத் தீக்காய நோயாளிகளிடம் சோதித்தனர். அவர்கள் உருவாக்கிய ‘ஸ்னோவேர்ல்டு’ என்னும் பனி உலகத்தில் நோயாளி பனிப்பந்துகளை எறிந்து விளையாடுவார். அந்த நேரத்தில் தாதியர் அவருடைய புண்ணைச் சுத்தம் செய்வர். 2001ஆம் ஆண்டு ஹாஃப்மன் குழுவினர் இம்முறையைப் பல் மருத்துவத்திலும் முயன்று பார்த்தனர். ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற இருவர் மட்டுமே அதில் பங்கேற்றனர். படம் பார்த்தபோது இருந்ததைவிட, மெய்நிகர் உலகில் இருந்தபோது வலி குறைவாக இருந்ததாக அவர்கள் கூறினர்.

2019ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் இந்திய ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. ஐந்து முதல் எட்டு வயது வரையிலான 120 குழந்தைகள் அதில் பங்கேற்றனர். அவர்களிடம் வினாக்கள் கேட்டதோடு ஆய்வாளர்கள் நிற்கவில்லை. மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் என்னும் பொருளின் அளவையும் உமிழ்நீரில் சோதித்தனர். மெய்நிகர்க் கண்ணாடி அணிந்த குழந்தைகளிடம் அச்சமும் வலியும் குறைவாகக் காணப்பட்டன. “பயமில்லை” என்று குழந்தையின் வாய் சொல்வது ஒருபுறம் இருக்க, உடலும் அதையே சொன்னது என்பதுதான் இந்த ஆய்வின் சிறப்பு.

செயற்கை நுண்ணறிவு என்ன செய்யும்?

மெய்நிகர்க் கண்ணாடி கவனத்தைத் திருப்புகிறது. செயற்கை நுண்ணறிவின் பணி வேறு. அது படங்களைப் பார்த்து வேறுபாடுகளைக் கண்டறியும். கேள்விகளுக்கு விடை கூறும். ஆளுக்கேற்பக் கதையை மாற்றும்.

பற்களின் கதிர்ப்படத்தில் சொத்தையைச் சுட்டிக்காட்டும் மென்பொருள்களுக்கு அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2022ஆம் ஆண்டில் அனுமதி அளித்தது. மருத்துவருக்கு அது இரண்டாவது சோடிக் கண்களைப் போன்றது. இதற்கும் அச்சத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நெருங்கிய தொடர்பு உண்டு. சொத்தை புள்ளி அளவில் இருக்கும்போதே தெரிந்துவிட்டால் ஊசிக்கும் குறடுக்கும் பெரும்பாலும் வேலை இருக்காது. வலிக்காத சிகிச்சையைப் போல அச்சத்தைப் போக்கும் மருந்து வேறொன்றும் இல்லை.

இன்னொரு பயன் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மிகவும் தேவையானது. முதலாம் ஆண்டு படிக்கும் தமிழ்ப்பள்ளி மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். வீட்டிலும் பள்ளியிலும் அவள் பேசுவது தமிழ். சிகிச்சையாளர் அன்போடுதான் பேசுகிறார். ஆனால், மலாய்மொழியில் பேசுகிறார். அவர் சொல்வதில் பாதி அவளுக்குப் புரிவதில்லை. புரியாத இடத்தை அச்சம் நிரப்பிவிடுகிறது. சிகிச்சைக்கு முதல் நாளே, “நாளைக்கு நாற்காலி மெல்ல மேலே போகும், ஊஞ்சல் மாதிரி இருக்கும்” என்று தமிழில் பேசி, அவள் கேட்கும் கேள்விகளுக்குத் தமிழிலேயே விடை சொல்லும் ஒரு குரல் அவளுக்கு எவ்வளவு துணையாக இருக்கும்! இத்தகைய கருவியை உருவாக்கும் வல்லமை இன்றைய தொழில்நுட்பத்துக்கு உண்டு. ஆனால், நம் பிள்ளைகள் வீட்டில் பேசும் மலேசியத் தமிழை அதற்குக் கற்பிக்க யாரேனும் முன்வர வேண்டும். மாணவர்களே, அந்த ‘யாரேனும்’ உங்களில் ஒருவராக ஏன் இருக்கக்கூடாது?

ஐயங்களும் விடைகளும்

இத்தொழில்நுட்பத்தை மறுப்போரும் உள்ளனர். அவர்களின் ஐயங்களை ஒதுக்கித் தள்ளுவது முறையன்று.

“குழந்தையை ஏமாற்றி ஊசி போடுவதுதானே இது?” என்பது முதல் ஐயம். சொல்லாமல் செய்தால் அது ஏமாற்றுவதுதான். கடலடியில் மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைக்குத் திடீரென ஈற்றில் வலித்தால், அடுத்த முறை அந்தக் கண்ணாடியைக் கண்டும் அஞ்சும். ஆகவே, என்ன நடக்கப்போகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். “வலித்தால் கையை உயர்த்து, உடனே நிறுத்திவிடுகிறேன்” என்று உறுதி கூறவும், அந்த உறுதியைக் காக்கவும் வேண்டும்.

இரண்டாவது, உடல்நலம் பற்றிய ஐயம். இக்கருவி சிலருக்குத் தலைசுற்றலை உண்டாக்கும். கருவிகளைத் தயாரிக்கும் நிறுவனங்களே வயது வரம்பு விதித்துள்ளன. மெட்டா நிறுவனம் தன் கருவிக்கான வயது வரம்பை 2023ஆம் ஆண்டில்தான் 13இலிருந்து 10ஆகக் குறைத்தது. ஏழு வயதுக் குழந்தைக்கு அதை அணிவிப்பதானால் மருத்துவரின் மேற்பார்வையும் குறுகிய நேர வரம்பும் கட்டாயம் இருக்க வேண்டும். ஒருவர் அணிந்ததை நன்கு துடைத்துத் தூய்மை செய்த பின்னரே மற்றவருக்கு அணிவிக்க வேண்டும்.

மூன்றாவது, குழந்தையின் முகமும் குரலும் படமாகவும் பதிவாகவும் சேமிக்கப்படுவது. குழந்தை அஞ்சி அழும் காட்சி யாருடைய கணினியில் தங்கும்? எவ்வளவு காலம் தங்கும்? இந்தக் கேள்விகளைப் பெற்றோர் கேட்க வேண்டும். விடை சொல்ல இயலாதவரிடம் குழந்தையின் படத்தைக் கொடுக்கலாகாது.

நான்காவது ஐயத்தையே நான் மிகவும் மதிக்கிறேன். கண்ணாடி குழந்தையின் கண்களை மறைத்துவிடுகிறது. நல்ல சிகிச்சையாளர் குழந்தையின் கண்களைப் பார்த்தே அதன் மனத்தை அறிவார். அந்தப் பார்வையை இழந்துவிட்டால் கருவியால் பெற்ற பயன் குறைந்துவிடாதா? குறையத்தான் செய்யும். அதனால்தான் எல்லாருக்கும், எல்லா நேரமும் இக்கருவி வேண்டியதில்லை என்கிறேன். மிகவும் அஞ்சும் குழந்தைக்கு, வலி மிகக்கூடிய சில நிமிடங்களுக்கு மட்டும் அது துணையாகட்டும்.

சொல், காட்டு, செய்

1959ஆம் ஆண்டு அடில்ஸ்டன் என்னும் பல் மருத்துவர் ஓர் எளிய முறையை எழுதி வைத்தார். முதலில் சொல், பிறகு காட்டு, அதன் பிறகே செய். அதற்கு மின்சாரமும் தேவையில்லை, இணையமும் தேவையில்லை. இன்றும் குழந்தைப் பல் மருத்துவத்தின் அடித்தளம் அதுதான்.

அண்மையில் என் பேத்தியை ஈப்போவில் உள்ள ஒரு பல் மருந்தகத்துக்கு அழைத்துச் சென்றேன். அங்கே மெய்நிகர்க் கண்ணாடி எதுவும் இல்லை. சிகிச்சையாளர் சிறிய கண்ணாடியை அவள் கையில் கொடுத்து, முதலில் தம் பற்களை எண்ணச் சொன்னார். அவள் எண்ணினாள். “இப்போது என் முறை” என்று அவர் சொன்னதும் அவள் வாயைத் திறந்துவிட்டாள். துளைப்பானை அவள் நகத்தின் அருகே ஓடவிட்டு ஓசையைக் கேட்கச் செய்தார். நான் அருகில் நின்று ஒவ்வொரு சொல்லையும் தமிழில் சொன்னேன். வெளியே வந்ததும் அவள், “தாத்தா, அது ஊசி இல்ல, பல்லைத் தூங்க வைக்கிற மருந்து” என்று எனக்கே விளக்கம் சொன்னாள்.

அந்த ஒரு சொற்றொடரில் ஒரு பாடம் இருக்கிறது. ‘பல் பிடுங்குதல்’ என்னும்போதே குழந்தைக்கு வேதனை கண்முன் நிற்கிறது. ‘பல் எடுத்தல்’ என்றால் அவ்வளவு அச்சமில்லை. மரத்துப்போகச் செய்யும் மருந்தைப் ‘பல்லைத் தூங்க வைக்கும் மருந்து’ என்றும், நீர் பீய்ச்சும் குழலைப் ‘பல்லைக் குளிப்பாட்டும் குழாய்’ என்றும் சொல்லலாம். இவை பொய்யல்ல, குழந்தைக்கு விளங்கும் உண்மைகள். மெய்நிகர் உலகத்தைப் படைக்க விலையுயர்ந்த கருவி வேண்டும். இந்தச் சொல்லுலகத்தைப் படைக்க நல்ல மனமும் நல்ல தமிழும் போதும்.

யாருக்கு முதலில்?

இத்தனைக்குப் பிறகும் மெய்நிகர்க் கருவி வேண்டும் என்றே நான் சொல்கிறேன். ஏன் தெரியுமா? என் பேத்திக்கு அன்று நேரம் ஒதுக்கிய சிகிச்சையாளர் இருந்தார்; மொழிபெயர்க்க நானும் இருந்தேன். எல்லாக் குழந்தைக்கும் இவை கிடைப்பதில்லை.

பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல பட்டணத்தோரத் தாமான்களிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் குடியேறின. இடம் மாறினாலும் சில பழக்கங்கள் மாறவில்லை. அன்று பெற்றோர் விடியுமுன் பால்வெட்டுக்குப் போனதும் ஆயக்கொட்டகையில் இருந்த குழந்தைக்கு இனிப்புப் பாலே துணையாக இருந்தது. இன்று பெற்றோர் முறை வேலைக்குப் போகிறார்கள். குழந்தைக்கு இனிப்புப் பானமே துணையாக இருக்கிறது. மருந்தகத்துக்கு அழைத்துச் செல்ல ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டும் என்றால், வலி முற்றும் வரை காத்திருப்பதே வழக்கமாகிறது.

ஆகையால், இக்கருவிகள் நகரத்துத் தனியார் மருந்தகங்களில் கட்டணம் செலுத்துவோருக்கான அலங்காரமாக நின்றுவிடக்கூடாது. பள்ளிகளுக்குச் செல்லும் பல் மருத்துவக் குழுவின் பெட்டியில்தான் அவை முதலில் இடம்பெற வேண்டும். ஒரே நாளில் பல மாணவர்களைக் கவனிக்க வேண்டிய அக்குழுவுக்கு ஒவ்வொரு குழந்தையிடமும் நீண்ட நேரம் பேச இயலாது. மிகவும் அஞ்சும் ஓரிருவரை அமைதிப்படுத்த ஒரு கண்ணாடியும், தமிழிலும் பேசும் ஒரு குரலும் இருந்தால் சிகிச்சையாளரின் சுமை குறையும். அவருடைய அன்புக்கு நேரம் கிடைக்கும். கருவி மனிதருக்கு மாற்றாக வரக்கூடாது. மனிதர் மனிதராக இருக்க அவகாசம் தரவே வர வேண்டும்.

“பல் போனால் சொல் போச்சு” என்பார்கள். என் தோழன் சொல்லை மட்டும் இழக்கவில்லை. வாய்விட்டுச் சிரிப்பதையும் இழந்தான். அன்று அவனைத் தேடிப் பால்மரக் காட்டுக்குள் போனவர்கள் கையில் பிரம்பு இருந்தது. இனி ஒரு குழந்தை அஞ்சி ஓடினால், தேடிச் செல்பவரின் கையில் மெய்நிகர்க் கண்ணாடி இருக்கட்டும். அதைக் கொடுப்பதற்கு முன், “நீ எதற்காகப் பயந்தாய்?” என்னும் கேள்வி அவர் வாயில் இருக்கட்டும்.